வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் சம்பல்: மிளகாய் வாங்குவதிலிருந்து போத்தலில் அடைப்பது வரை

உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு வந்த மிளகாய்ச் சம்பலை ருசித்துவிட்டு வீட்டில் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "காரம் வருது, அந்த ருசி வரல." காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வதங்கிவிட்டதாகத் தோன்றும் விழுதுக்கு உண்மையில் நாற்பது நிமிடம் தேவை. மிளகாய் ரகம், வெங்காய அளவு, வெல்லம் எல்லாம் அதற்குப் பிறகு வரும் சங்கதிகள்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, முதன்முறையாகப் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) கட்டியைக் கையில் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். தொக்கு கிண்டிப் பழகிய கைக்கு இது கடினமில்லை. ஆனால் தொக்கின் பழக்கங்கள் சில இங்கே எதிராக வேலை செய்யும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

1. எந்தச் சம்பல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சம்பல் வகைகள் ஏராளம். புதியவருக்கு இரண்டு போதும்.

சம்பல் துமிஸ்: காய்ந்த மிளகாயை ஊறவைத்து, வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெயில் நெடுநேரம் வதக்குவது. நாசி லெமாக், முட்டை, இறால், கணவாய் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ஒருமுறை செய்தால் இரண்டு வாரத்துக்கு வரும். நேரம்: ஊறவைப்பது உட்பட ஒன்றரை மணி நேரம்.

சம்பல் பெலாச்சான்: காயவைக்காத சிவப்பு மிளகாயை, வறுத்த பெலாச்சானோடு இடித்து, லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்து தொட்டுக்கொள்வது. அடுப்பில் வேலை பெலாச்சான் வறுக்க மட்டும். நேரம்: இருபது நிமிடம். ஆயுள் குறைவு.

நேரம் இல்லாத நாளில் இரண்டாவதைச் செய்யுங்கள். முதலாவதை அவசரமாகச் செய்யாதீர்கள்.

2. அடுப்பு மூட்டும் முன்: வாடகை ஒப்பந்தமும் பக்கத்து வீடும்

அறை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் "லைட் குக்கிங்" மட்டும் என்று ஒரு வரி இருக்கும். முட்டை பொரிப்பது, மேகி போடுவது அதில் அடங்கும். பெலாச்சான் வறுப்பது எந்த வீட்டு உரிமையாளரின் கணக்கிலும் லைட் குக்கிங் ஆகாது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விடாமல், ஒரு குறுஞ்செய்தியாகச் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், திரைச்சீலையில் வாடை பிடித்திருக்கிறது என்ற பேச்சு வந்தால் அந்தச் செய்தி உதவும்.

முழு வீடும் உங்களுடையது என்றாலும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்தால் முதலில் அதை உள்ளே எடுங்கள். மேல் மாடிக்காரரின் துணியும் தொங்குகிறதா என்று எட்டிப் பாருங்கள். வாடை மேலே போகும். படுக்கையறைக் கதவுகளை மூடி, சமையலறைச் சன்னலை முழுக்கத் திறந்து, மின்விசிறியைச் சன்னலை நோக்கித் திருப்பி வையுங்கள். புகையைத் துரத்த அது போதும்.

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் புகையை உணர்ந்து ஒலிக்கும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புது வீவக வீட்டில் இருப்பவர்கள் அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றி வைக்க வேண்டாம். பெலாச்சானைத் தீயில் கருக்காமல் வறுத்தால் அது ஒலிக்கும் வாய்ப்பு குறைவு.

3. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தைக்குக் காலையில் போங்கள். மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மூடியிருக்கும். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், வாழையிலை மூன்றும் ஒரே சுற்றில் முடியும். பெலாச்சான், குலா மலாக்கா (தென்னை வெல்லம்), எலுமிச்சை இலை (லிமாவ் பூருட்) ஆகியவற்றுக்குக் கேலாங் சிராய் சந்தை நல்லது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பெரிய பேரங்காடிகளிலும் பெலாச்சான் கிடைக்கும்.

சம்பல் துமிஸ், ஏறக்குறைய அரை கிலோ வருவதற்கு:

காய்ந்த மிளகாய் 50 கிராம் (காம்பும் விதையும் நீக்கும் முன்)
சின்ன வெங்காயம் 300 கிராம் (உரித்த பின்)
பூண்டு 6 பல்
பெலாச்சான் 20 கிராம், அதாவது தீப்பெட்டி அளவில் முக்கால்
புவா கெராஸ் என்னும் கொட்டை 4 (விருப்பம் இருந்தால்)
எண்ணெய் 200 மில்லி
புளி 40 கிராம், 150 மில்லி வெந்நீரில் கரைத்தது
குலா மலாக்கா 50 கிராம், சீவியது
உப்பு ஒரு தேக்கரண்டி, அதுவும் கடைசியில் ருசி பார்த்து

விலை நாளுக்கு நாள் மாறும். தோராயமாக, ஒரு முறைக்கு ஆகும் பொருளின் செலவு 6 முதல் 8 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் முதல் முறை கடைக்குப் போகும்போது 15 வெள்ளிக்கு மேல் எடுத்துச் செல்லுங்கள். பெலாச்சானும் குலா மலாக்காவும் முழுப் பொட்டலமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். 200 கிராம் பெலாச்சான் கட்டி பத்து முறைக்கு வரும்.

மிளகாயில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சம்பல் செய்முறைகள் "முப்பது மிளகாய்" என்று எண்ணிக்கையில் சொல்லும். அந்த எண்ணிக்கை இங்கே கிடைக்கும் நீளமான, தோல் சுருங்கிய, காரம் மட்டான மிளகாய்க்கானது. ஊரிலிருந்து கொண்டுவந்த குண்டு மிளகாயையோ காரமான நீட்டு மிளகாயையோ அதே எண்ணிக்கையில் போட்டால் வாயில் வைக்க முடியாது. எண்ணாமல் எடை போடுங்கள். இந்தியக் கடைச் சரக்கைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் காஷ்மீர் மிளகாய் 35 கிராம், குண்டு மிளகாய் 15 கிராம் என்று கலந்தால் நிறமும் காரமும் சரியாக அமையும்.

பெலாச்சான் வாங்கும்போது அமுக்கிப் பாருங்கள். கட்டி இறுக்கமாக, சற்றே ஈரமாக, கரும்பழுப்போ ஊதா கலந்த பழுப்போ ஆக இருக்கலாம். பொட்டலத்தின் பின்புறம் பொருள் பட்டியலில் முதலில் இறால் அல்லது கூனிறால் வந்து, பிறகு உப்பு வர வேண்டும். உப்பு முதலில் இருந்தால் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வறுத்த தூளும் விற்கிறார்கள். வாடகை அறையில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. மணம் கொஞ்சம் குறையும், அண்டை வீட்டார் மனக்கசப்பு அறவே இருக்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் பெலாச்சானுக்குப் பதில் தௌச்சோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது ஒன்றரை மேசைக்கரண்டியும், ஊறவைத்துப் பொடியாக நறுக்கி மொறுமொறுப்பாக வறுத்த காய்ந்த காளான் மூன்றும் சேர்க்கலாம். தௌச்சோவில் உப்பு அதிகம். வேறு உப்பு சேர்க்கும் முன் ருசி பாருங்கள்.

4. மிளகாயைத் தயார் செய்தல்

கத்தரிக்கோலால் மிளகாயை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு சல்லடையில் போட்டுக் குலுக்குங்கள். விதைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். விதை காரத்துக்காக நீக்கப்படுவதில்லை. அது சரியாக அரைபடாமல் நறநறக்கும், வதக்கும்போது முதலில் கருகிக் கசப்பைத் தரும்.

பிறகு கொதிநீரில் போட்டு மூடி 25 நிமிடம் ஊறவையுங்கள். தோல் விரலால் நசுக்கினால் கூழாக வேண்டும். இன்னும் தோல் தாளாகவே இருந்தால், அதே நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் ஒருமுறை அலசுங்கள். அந்த நீரில் தூசியும் கசப்பும் இருக்கும். சத்து வீணாகிறதே என்று அரைக்க ஊற்றிக்கொள்பவர்கள் உண்டு. வேண்டாம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்ததும் முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். மிளகாயின் எரிச்சல் எண்ணெயில் கரையும், வெறும் நீரில் கரையாது.

5. பெலாச்சான் வறுத்தல்

20 கிராம் துண்டை அரை விரல் தடிமனுக்குத் தட்டையாக்குங்கள். தடிமனாக விட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

எரிவாயு அடுப்பு: காய்ந்த இரும்புச் சட்டியில், சிறு தீயில், பக்கத்துக்கு மூன்று நிமிடம். கரண்டியால் அமுக்கினால் உதிர வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு: அதே முறை. தணல் கட்டுப்பாடு எளிது என்பதால் கருகும் வாய்ப்பும் குறைவு.

ஓவன் அல்லது ஏர் ஃபிரையர்: அலுமினியத் தாளில் இறுக்கமாக மடித்து 180 டிகிரியில் எட்டு நிமிடம். வாடை மிகக் குறைவாக வெளியே வருவது இந்த வழியில்தான். தாளைச் சூடு ஆறிய பிறகு பிரியுங்கள்.

முடிந்ததற்கு அடையாளம்: மூக்கைத் துளைக்கும் ஈர வாடை போய், சுட்ட கருவாட்டின் மணம் வரும். துண்டு உலர்ந்து பொலபொலவென்று உடையும். நிறம் ஓரத்தில் கறுத்தால் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளி எறியுங்கள். முழுதும் கறுத்தால் அதைச் சேர்க்காதீர்கள், மற்ற எல்லாவற்றையும் அது கசக்க வைக்கும்.

ஒரு வேளைக்கு மட்டும் வறுக்காமல், 100 கிராமை ஒரேயடியாக வறுத்துத் தூளாக்கி, இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடையை மாதத்துக்கு ஒருமுறை தாங்கினால் போதும்.

6. அரைத்தல்

சின்ன வெங்காயம், பூண்டு, புவா கெராஸ் மூன்றையும் முதலில் அரைத்து, பிறகு மிளகாயைச் சேருங்கள். புவா கெராஸைப் பச்சையாகத் தின்னக்கூடாது, வயிற்றைப் புரட்டும். அரைத்து நன்கு வதக்கினால் பிரச்சினை இல்லை. சம்பலுக்குக் கொழகொழப்பு தருவதுதான் அதன் வேலை. இல்லாவிட்டாலும் குடிமுழுகாது.

மிக்சி சுற்ற மறுத்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எடுத்து வைத்த 200 மில்லி எண்ணெயிலிருந்து நான்கு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். காரணம் எளிது: ஊற்றிய ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் அடுத்த கட்டத்தில் நீங்களேதான் கொதிக்கவைத்து வெளியேற்ற வேண்டும். கால் குவளை தண்ணீர் சேர்த்தால் அடுப்பு வேலை பத்து நிமிடம் கூடும், அடுப்பைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளும் கூடும்.

சின்ன வெங்காயம் உரிக்கச் சோம்பி, பெரிய வெங்காயத்தைப் போடுவது அடுத்த தவறு. அதில் நீர் அதிகம், இனிப்பும் வேறு விதம். போட்டே தீரவேண்டும் என்றால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு மையாக? மிளகாய்த் தோலின் சிறு துணுக்குகள் கண்ணுக்குத் தெரியலாம், நாக்கில் தட்டக்கூடாது. மிக்சி ஜாரில் நிறமும் வாடையும் ஏறும். முடிந்ததும் ஒரு கைப்பிடி அரிசியைச் சேர்த்து ஓட்டி, பிறகு கழுவுங்கள். சட்னிக்கும் இதே ஜார் என்றால் ஒரு பழைய ஜாரைச் சம்பலுக்கென்று ஒதுக்கிவிடுவது வீட்டில் சமாதானம் காக்கும்.

7. வதக்குதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். வேறு வேலை எதையும் இந்த நாற்பது நிமிடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாத்திரம்: அகலமான, அடி கனமான வாணலி. அகலம் முக்கியம். விழுது மெல்லிய படலமாகப் பரவினால் நீர் சீக்கிரம் போகும். பூச்சில்லாத அலுமினியச் சட்டி வேண்டாம். புளியோடு சேர்ந்தால் உலோகச் சுவை ஏறும்.

எண்ணெய்: மணமில்லாத ஏதாவது ஒன்று, சூரியகாந்தியோ பாமாயிலோ. நல்லெண்ணெய் தொக்குக்கு ஏற்றது, இங்கே அது பெலாச்சானோடு சண்டை போடும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிக்கும் ஆசையையும் அடக்குங்கள். தாளித்தால் நல்ல மிளகாய்த் தொக்கு ஒன்று கிடைக்கும், ஆனால் நீங்கள் தேடிவந்த ருசி அது இல்லை.

200 மில்லி எண்ணெயைப் பார்த்துப் பயந்து பாதியாக்குபவர்கள் பலர். எண்ணெய் குறைந்தால் விழுது வதங்காமல் ஆவியில் வேகும், அடிப்பிடிக்கும். முழு அளவையும் ஊற்றி வதக்குங்கள். முடிந்த பின் மேலே மிதப்பதில் பாதியை வடித்து எடுத்துவிடலாம். அந்தச் சிவப்பு எண்ணெயில் முட்டை பொரித்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மீதி எண்ணெயை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு, விழுதைப் போடுங்கள். இனி நடப்பதை நிமிட வாரியாகப் பாருங்கள்.

முதல் 10 நிமிடம்: விழுது எண்ணெய் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு ஆரஞ்சு நிறக் கூழாக நிற்கும். பெரிய குமிழிகள் வெடித்துத் தெறிக்கும். நீர் நிறைய இருப்பதால் எவ்வளவு தீ வைத்தாலும் கூழின் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. அதனால் பச்சை வாசனையும் போகாது. தெறிப்பைத் தடுக்க முழு மூடி போடாதீர்கள், ஆவி திரும்ப உள்ளேயே விழும். வலை மூடி இருந்தால் போடுங்கள்.

10 முதல் 20: தீயைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். வெங்காயத்தின் நெடி குறைந்து இனிப்பு மணம் எட்டிப்பார்க்கும். பெரும்பாலானோர் அடுப்பை அணைக்கும் இடம் இதுதான். மணம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறிய பிறகு சாப்பிட்டால் தொண்டையில் வதங்காத மிளகாய்த் தூளின் கரகரப்பு நிற்கும்.

20 முதல் 30: குமிழிகள் சின்னதாகிச் சத்தம் மாறும். "பொளக் பொளக்" போய், மெல்லிய "சர்ர்" வரும். ஆரஞ்சு நிறம் செங்கல் சிவப்பாக இறங்கும். ஓரங்களில் சிவப்பு எண்ணெய் கசியும். மலாய்க்காரச் சமையல்காரர்கள் பெச்சா மின்யாக் என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். நீர் போய்விட்டது, மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் இறங்கிவிட்டன. கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்தால், கோட்டுக்குள் எண்ணெய் வழிந்து வரவேண்டும், கூழ் வந்து மூடக்கூடாது.

இப்போதுதான் வறுத்த பெலாச்சான் தூள், புளிக்கரைசல், குலா மலாக்கா. வெல்லத்தை முன்னாலேயே போட்டால் அது கருகி, முழுவதையும் கறுப்பாக்கிவிடும். புளித்தண்ணீர் விழுந்ததும் மீண்டும் கூழாகும், மனம் தளர வேண்டாம். சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம். வெல்லம் சேர்ந்த பிறகு கையை எடுக்காமல் கிளறுங்கள். இரண்டாவது முறையும் எண்ணெய் பிரிந்ததும் அணைத்துவிட்டு, உப்பு பாருங்கள். பெலாச்சானிலேயே உப்பு இருப்பதால்தான் இதைக் கடைசிக்கு விட்டோம்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் ருசித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சூட்டில் காரம் மட்டும்தான் தெரியும். மறுநாள் புளிப்பும் இனிப்பும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும்.

8. எது கெட்டது, ஏன்

கசப்பு: விதை கருகியது, பெலாச்சான் கருகியது, வெல்லம் முன்னால் விழுந்தது, இந்த மூன்றில் ஒன்று. லேசான கசப்பை இன்னும் பத்து கிராம் குலா மலாக்காவும் ஒரு கரண்டிப் புளியும் மறைக்கும். கருகிய வாடையே வந்தால் மறைக்க வழியில்லை.

எண்ணெய் பிரியவே இல்லை: நீர் இன்னும் இருக்கிறது, அல்லது எண்ணெய் போதவில்லை. பதினைந்து நிமிடம் கூடுதலாக வதக்கியும் பிரியாவிட்டால் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை வாணலியின் ஓரமாக ஊற்றுங்கள்.

காரம் தாங்க முடியவில்லை: தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள், கெட்டுப்போகும் நாள்தான் முன்னால் வரும். வெங்காயம் மட்டும் 150 கிராம் அரைத்து, தனியாக எண்ணெயில் பொன்னிறத்துக்கு வதக்கி, இதில் கலந்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சமைக்கும்போது தேங்காய்ப்பால் சேர்த்தாலும் அடங்கும். ஆனால் போத்தலில் வைக்கும் சம்பலில் தேங்காய்ப்பால் கூடாது, இரண்டு நாளில் புளித்துவிடும்.

நிறம் மங்கல்: மிளகாய் பழையது. வாங்கும்போது உட்புறம் வெளிறியிருந்தால் அது ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு. தக்காளி விழுது போட்டு நிறம் ஏற்றுவது உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை, சம்பல் சாஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

9. சம்பல் பெலாச்சான்: இருபது நிமிடத்தில்

நீளமான, காயவைக்காத சிவப்பு மிளகாய் 10, சிலி பாடி (ஊசி மிளகாய்) 3, வறுத்த பெலாச்சான் 15 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எலுமிச்சை இலை 2, லிமாவ் கஸ்தூரி 3.

கல்லுரல், இங்கே "பாத்து லெசோங்" என்று கேட்டால் கொடுப்பார்கள், இருந்தால் அதில் இடியுங்கள். மிக்சியில் காற்றும் நீரும் கலந்து நுரைத்துப்போகும், நிறம் வெளிறும். மிக்சிதான் வழி என்றால் விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று மட்டும் கொடுங்கள். புது உரல் வாங்கினால், அம்மியைப் பழக்குவது போலவே ஊறிய அரிசியைப் போட்டு, சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை இடித்துக் கொட்டுங்கள். உரலுக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் இடிக்காதீர்கள், கீழ்வீட்டுக் கூரை உங்கள் தரைதான்.

முதலில் மிளகாயை ஒரு சிட்டிகை உப்போடு இடியுங்கள். உப்பு உராய்வைத் தரும், மிளகாய் வழுக்காது. முக்கால் பதம் வந்ததும் சூடான பெலாச்சானைச் சேருங்கள். கடைசியில் சர்க்கரை, நரம்பு நீக்கி நூலாக நறுக்கிய எலுமிச்சை இலை. லிமாவ் கஸ்தூரியை மட்டும் சாப்பிட உட்காரும்போது, அன்றைக்கு வேண்டிய அளவுக்குப் பிழியுங்கள். முழுவதிலும் பிழிந்து வைத்தால் மறுநாள் கசக்கும். அதன் விதையும் கசப்பு, சின்ன வடிகட்டி வழியாகப் பிழியுங்கள்.

10. சேமிப்பு

போத்தலையும் மூடியையும் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, கவிழ்த்து, முழுக்க உலர விடுங்கள். சம்பலை நிரப்பி, மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

மேலே எண்ணெய் நிற்கிறதே, ஊறுகாய் போல் வெளியே இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஊறுகாயைக் காப்பது மிகுந்த உப்பும் புளிப்பும். சம்பலில் இரண்டும் அந்த அளவுக்கு இல்லை. பூண்டும் வெங்காயமும் எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாமல், சிங்கப்பூர் வெக்கையில் கிடந்தால் உணவை நஞ்சாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அந்த நஞ்சுக்கு வாடையோ நிறமோ இருக்காது.

சம்பல் துமிஸ்: ஃபிரிட்ஜில் இரண்டு வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். சம்பல் பெலாச்சான்: சாறு பிழியாமல் நான்கு நாள். ஐஸ் தட்டில் நிரப்பி உறையவைத்து, பிறகு பையில் மாற்றினால் ஒவ்வொரு கட்டியும் ஒரு வேளைக்கு ஆகும். ஈரக்கரண்டி உள்ளே போகக்கூடாது. வாடை வெண்ணெய்க்கும் பாலுக்கும் ஏறாமலிருக்கப் போத்தலை ஒரு ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

மிஞ்சிய எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். பழைய தாளில் உறிஞ்சி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

11. எதற்கு, எவ்வளவு

நாசி லெமாக்: ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி. 200 கிராம் சம்பலில் 50 கிராம் பொரித்த நெத்திலியைப் பரிமாறும் முன் கலந்தால் மொறுமொறுப்பு போகாது.

முட்டை: அவித்த ஆறு முட்டைக்கு ஐந்து மேசைக்கரண்டி, கால் குவளை நீர், ஐந்து நிமிடம்.

இறால்: 400 கிராமுக்கு ஐந்து மேசைக்கரண்டி. சம்பலை முதலில் சூடாக்கி, பிறகு இறாலைப் போட்டு, பெரிய தீயில் நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கங்கோங்: 300 கிராமுக்குச் சம்பல் பெலாச்சான் ஒன்றரை மேசைக்கரண்டி. தண்டு முதலில், இலை அரை நிமிடம் கழித்து. மொத்தம் இரண்டு நிமிடம். கீரையில் நீர் சொட்டினால் வதங்காமல் அவிந்துவிடும், நன்றாக உதறுங்கள்.

திருக்கை மீன்: வாழையிலையில் வைத்து, மேலே நான்கு மேசைக்கரண்டி தடவி, சட்டியில் மூடி பத்து பன்னிரண்டு நிமிடம். லிமாவ் கஸ்தூரி தனியாக.

தயிர்ச் சோற்றுக்கும் நெத்திலிச் சம்பலுக்கும் உள்ள பொருத்தத்தை இங்குள்ள தமிழ் வீடுகளில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோசைக்கும் போகும், ஆனால் கொஞ்சமாக.

12. கொடுக்க, விற்க, எல்லை தாண்டிக் கொண்டுபோக

நண்பர்களுக்குக் கொடுப்பதென்றாலும் இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்: பெலாச்சான் இறால் வகையில் செய்தது, புவா கெராஸ் கொட்டை வகை. இரண்டுமே சிலருக்கு ஒவ்வாது.

விற்க நினைப்பவர்களுக்கு: வீட்டிலிருந்து சிறிய அளவில் உணவு செய்து விற்க, வீவக மற்றும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வீட்டுத் தொழில் திட்டத்தின்கீழ் முன் அனுமதி தேவையில்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் வேண்டாம், ஆனால் அதன் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டி நெறிகளைப் பின்பற்ற வேண்டும். வீட்டில் குடியிருப்பவர்களே செய்ய வேண்டும். வெளியே பெயர்ப்பலகை வைக்கக்கூடாது. இல்லப் பணிப்பெண்ணை இந்த வேலையில் ஈடுபடுத்துவது மனிதவள அமைச்சின் விதிப்படி குற்றம். வேலை அனுமதியிலோ சார்ந்தோர் அட்டையிலோ இருப்பவர்கள், ஒரு போத்தல் விற்கும் முன்பே மனிதவள அமைச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் தெரியாமல் செய்தேன் என்பது செல்லாது.

உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்யாமல் ஒரு கடைப்பெயர் வைத்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டும். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. போத்தல் சிட்டையில் பொருளின் பெயர், சேர்மானங்கள், ஒவ்வாமைப் பொருள்கள், நிகர எடை, செய்தவரின் பெயரும் முகவரியும், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றை எழுதுங்கள். "ஹலால்" என்று மட்டும் நீங்களாக எழுதாதீர்கள். அந்தச் சான்றிதழை இங்கே தருவது முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) மட்டுமே.

விலை வைக்கும்போது பொருள் செலவோடு போத்தல், எரிவாயு, ஒன்றரை மணி நேர உழைப்பு மூன்றையும் கணக்கில் எடுங்கள். 200 கிராம் போத்தலை 3 வெள்ளிக்குக் கொடுத்தால் உங்கள் உழைப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது.

எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜோகூர் பாருவில் பெலாச்சானும் குலா மலாக்காவும் மலிவு. சொந்த உபயோகத்துக்கான பதப்படுத்திய உணவு 5 கிலோவுக்குள்ளும் 100 வெள்ளி மதிப்புக்குள்ளும் இருக்கட்டும். விற்பனைக்காகக் கொண்டுவருவது இறக்குமதி, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் சம்பலைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம். சாங்கி விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் விழுதும் திரவக் கணக்கில்தான் சேரும், 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தல் அங்கேயே நின்றுவிடும். முதல் நாளே ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் வைத்தால் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் நான்கு மணி நேர விமானத்துக்குத் தாங்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.